தரை பத்திரமாக இருக்கிறது

பொதுக்கலை வாரியத்தின் வரவேற்பறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. பெரிய சிற்பி ஒருவர் செய்தது. ‘ஓய்வு’ என்று பெயர்ப் பலகை வைத்து, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஓய்வைப் பார்த்தபடி கால் கடுக்க நின்றார்கள்.

புகைப்படக்காரனும் நின்றான். தோளில் தொங்கிய பையில் அவன் எடுத்த படங்கள் இருந்தன. பகலெல்லாம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுப்பது அவன் பிழைப்பு. “முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க, காது தெரியணும்” என்று ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பான். மாலையானால் கடையைப் பூட்டிவிட்டு மேம்பாலத்துக்கு அடியில் போய்விடுவான். அங்கே ஹிப்-ஹாப் பிள்ளைகள் கூடுவார்கள். தரையில் சுழன்று ஆடுகிறவர்கள், மூச்சு விடாமல் ராப் பாடுகிறவர்கள், தூணில் வண்ணம் அடிக்கிறவர்கள். தங்கை அங்கே போக ஆரம்பித்த புதிதில், “அவ என்னதான் பண்றான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாடா” என்று அம்மா அனுப்பினாள். பார்க்கப் போனவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். வருடங்கள் ஓடிவிட்டன.

இயக்குநரின் அறைக்குள் அழைத்தார்கள். அவர் படங்களை மேசைமேல் பரப்பி, கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“தம்பி, இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்தீங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சார். உங்க வாரியத்துக்கு அடையாள அட்டைப் படமெல்லாம் நான்தான் எடுக்கறேன். உங்களையும் எடுத்திருக்கேன்.”

இயக்குநர் அதைக் காதில் வாங்கவில்லை. “இந்த நகரத்துக்கு ஒரு நாடித்துடிப்பு இருக்கு. அதை நாம பிடிக்கணும்” என்றார்.

பிடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்க அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

திட்டம் எளிமையாக இருந்தது. படங்களைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி, பாலத்தடியிலேயே வைப்பது. அவர்களுடைய படம், அவர்களுடைய இடத்தில், ஊரே பார்க்கும்படி. புகைப்படக்காரன் உடனே தலையாட்டிவிட்டான். ஆனாலும் கேட்டான்.

“சார், ஒண்ணே ஒண்ணு. அந்தத் தரை. அங்க வண்டி நிறுத்தற இடம் வரப்போகுதுன்னு பேசிக்கறாங்க. அது மட்டும் வேணாம். பசங்களுக்கு வேற தரை கிடையாது.”

இயக்குநர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். கையில் மூடாத பேனா இருந்ததால் சட்டையில் மை கொட்டியது. அதைக்கூடப் பொருட்படுத்தாமல் சொன்னார்: “அந்தத் தரையை ஒருத்தரும் தொடமாட்டாங்க. இது என் வாக்கு.”

மைக்கறையைப் பார்த்தபோது அது ரத்தத்தில் போட்ட கையெழுத்து மாதிரி புகைப்படக்காரனுக்குப் பட்டது. அவன் கொஞ்சம் அப்படிப்பட்ட ஆள்.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலம் கட்டியபோது, வேறெங்கோ மிச்சப்பட்ட பளிங்கை எந்தப் புண்ணியவானோ அங்கே பதித்துவிட்டுப் போயிருந்தான். அதன்மேல் வருடக்கணக்காக முழங்கால்களும் முதுகுகளும் தேய்ந்து அது கண்ணாடியாகிவிட்டது. தலையை ஊன்றிச் சுழல்வதற்கு அப்படி ஒரு தரை வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் கழுத்து போய்விடும். மாலை வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து அதில் குளம்போலத் தேங்கும். பிள்ளைகள் அதற்குள் தலைகீழாக நீந்துவார்கள். புகைப்படக்காரன் குப்புறப் படுத்துத்தான் படம் எடுப்பான். தலைகீழாக நிற்பவர்களின் கண்கள் அந்த உயரத்தில்தானே இருக்கின்றன.

அவனுடைய தங்கைக்கு அங்கே பம்பரம் என்று பெயர். தலையில் சுழல ஆரம்பித்தால் அவள் முகம் மறைந்து ஒரு கோடு மட்டும் தெரியும். ராப் பாடுகிறவனுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துகிற பொத்தான் அவனிடம் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் பம்பரம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். “அண்ணா, அவங்க நம்மள எதுக்குத் தேடறாங்க?”

“பிடிச்சிருக்குடி. நகரத்தோட நாடித்துடிப்புங்கறாரு.”

“கைய பிடிச்சவன்லாம் டாக்டர் இல்லண்ணே. வளையலைக் கழட்டறவனும் கையத்தான் பிடிப்பான்” என்றான் ரேடியோ.

“நீ கொஞ்சம் சும்மா இரு. தரைய யாரும் தொடமாட்டாங்கன்னு வாக்கு குடுத்திருக்காரு.”

“அவரு குடுத்தது இருக்கட்டும்” என்றாள் பம்பரம். “நீ என்ன சொல்ற?”

“தரைக்கு நான் பொறுப்பு.”

“நிஜமா?”

“நிஜமா.”

சைக்கிள் பழகிய வயதில், “விடமாட்டேன், விடமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து கையை விட்டவன் அவன்தான். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அவள், “அப்ப சரி” என்றாள். அவள் சரி என்றதும் மற்றவர்களும் சரி என்றார்கள்.

அந்த வட்டத்தில் ஒரே ஒரு சட்டம்தான். இன்னொருவர் உருவாக்கிய அசைவைக் கேட்காமல் எடுத்து ஆடக் கூடாது. ஆடினால் யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். எதிரே நின்று இரண்டு முன்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டி, முதலை வாய்போலத் திறந்து திறந்து மூடுவார்கள். அடுத்தவன் உழைப்பைக் கடித்துத் தின்கிறாய் என்று அர்த்தம். முதலை போட்டுவிட்டால் அப்பீல் கிடையாது. ஆடியவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போவான். அழுதுகொண்டு போனவர்களும் உண்டு. அந்தக் கண்ணீரையும் புகைப்படக்காரன் கேட்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறான்.

வாரியத்தில் முதல் கூட்டம் கூடியது. மேசையின் தலைமாட்டில் இயக்குநர், பக்கத்தில் துணை இயக்குநர், எதிரே பாலங்கள் துறைப் பொறியாளர். புகைப்படக்காரனுக்கு நாற்காலி கிடைத்தது. யாரும் செதுக்காத நாற்காலி.

முகப்பில் வைக்கப்போகும் படம் பம்பரத்தினுடையது. ஒற்றைக் கையைத் தரையில் ஊன்றி, இரண்டு காலும் வானத்தில் வீசியிருக்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துணை இயக்குநர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் சாய்த்தார். “படம் அருமை. ஆனா ஆள் தலைகீழா இருக்கே?”

“ஆமா மேடம். அப்படித்தான் ஆடுவாங்க.”

“நீங்க புரிஞ்சுக்கலை. பொதுமக்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. வயசானவங்க வருவாங்க. நாளைக்கு ஒரு சுளுக்குன்னா யார் பதில் சொல்றது?”

“அது மட்டுமில்ல” என்றார் இயக்குநர். “இளைய தலைமுறை தலைகீழா இருக்குன்னு ஒரு அரசு அமைப்பே சொல்லலாமா? தவறான செய்தி போயிடும்.”

உடனே நிமிர்த்தல் உபகுழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. அறையில் இருந்தவர்களே அதன் உறுப்பினர்கள் ஆனார்கள். உபகுழு அங்கேயே கூடி, தேநீர் குடித்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது. இப்போது பம்பரம் நேராக இருந்தாள். தலைமுடி மட்டும் மேல்நோக்கிப் பறந்தது. கால்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. தலைக்கு மேலே நீண்ட கை ஒரு கூரையை முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூரைதான் தரை.

பொறியாளரின் கண் கலங்கியது. “எங்க பாலத்தைத் தாங்கிப் பிடிச்சிருக்கா அந்தப் பொண்ணு” என்றார். “இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரும் எங்க பாலத்தை இப்படி மதிச்சதில்ல.”

படத்துக்கு ‘உள்கட்டமைப்பைத் தாங்கும் இளமை’ என்று பெயர் முடிவானது. கால்கள் தொங்குவதை இளமைத் துள்ளல் என்று கொள்ளலாம் என உபகுழு ஒருமனதாகக் கருதியது. அந்தப் பெண் சுமார் எவ்வளவு எடை தாங்குவாள் என்று பொறியாளர் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

புகைப்படக்காரன் வாயைத் திறந்தான். பிறகு தரையை நினைத்துக்கொண்டான். படம் எப்படித் தொங்கினால் என்ன, தரை பிழைத்தால் போதும். வாயை மூடிக்கொண்டான். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான் நடந்தது. தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டிருந்த பையன்களின் படத்தில் கணினியில் தொப்பிகளை முன்பக்கம் திருப்பினார்கள். அவன் தரையை நினைத்துக்கொண்டான். ரேடியோ வாயைப் பிளந்து பாடுகிற படத்துக்குப் பக்கத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை வைக்க முடிவு செய்தார்கள்; அப்போதும் தரையைத்தான் நினைத்துக்கொண்டான்.

படங்கள் சுவரேறின. முன்னால் கயிறு கட்டி ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். மாலையில் வழக்கம்போல் ஆட வந்த பம்பரத்தை அவர் தடுத்தார்.

“இந்தப் பக்கம் வராதம்மா. படத்துல கால் பட்டுடும்.”

“அண்ணே, அது என் படம்.”

காவலாளி திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு ஒழுங்கா நிமிர்ந்து நிக்குது. நீ வேற.”

பம்பரம் அங்கேயே கையை ஊன்றிக் காலைத் தூக்கிக் காட்டினாள். காவலாளிக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. “இப்ப சுத்தமா அந்தப் பொண்ணு மாதிரியே இல்ல” என்றார்.

ரேடியோ அன்று அந்த இடத்திலேயே அதைப் பாட்டாக்கிப் பாடினான். ‘அமைதி காக்கவும்’ பலகையைக் காட்டி அவனையும் வெளியே அனுப்பினார்கள்.

பம்பரம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். “படத்த திருப்பி வெச்சத நீ ஏன் சொல்லல?”

“திறப்பு விழா வரைக்கும்தான்டி இந்தக் கெடுபிடி. அப்புறம் எல்லாம் உங்களுக்குத்தான்.”

“தரை?”

“அதான் சொன்னேன்ல. நான் பொறுப்பு.”

அம்மா கிழிந்த பேன்ட்டின் முழங்காலில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஊசியில் குனிந்தாள்.

விழாவுக்கு முந்தைய வாரம் பாலத்தடியை நீலத் துணியால் மூடினார்கள். உள்ளே இயந்திரம் அறுக்கிற சத்தம் கேட்டது. புகைப்படக்காரன் துணியை விலக்கிப் பார்த்தான். பளிங்கின்மேல் சிமென்ட் குழைத்து ஊற்றி, முள்முள்ளாக வரி போட்ட ஓடுகளைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். வழுக்கும் தரைகளில் போடுவார்களே, அந்த ஓடு. கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். உள்ளங்கை சிவந்துவிட்டது.

நேராக வாரியத்துக்கு ஓடினான். ‘ஓய்வு’ நாற்காலியின் கயிறு காலில் இடறி விழப்போய், சமாளித்து, இயக்குநர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தான்.

“சார், தரை!”

“உட்காருங்க தம்பி. என்ன தரைக்கு?”

“தொடமாட்டோம்னு சொன்னீங்களே!”

“தொட்டோமா?” இயக்குநர் உண்மையிலேயே புண்பட்டுப்போனார். “ஒரு கல்லைப் பெயர்த்தோமா? ஒரு கீறல் போட்டோமா? அது அப்படியே கீழே இருக்கு. மேல ஓடு போட்டுப் பாதுகாத்திருக்கோம். படம் பாக்க வர்ற மக்கள் வழுக்கி விழக்கூடாதில்ல? உங்க படங்களுக்காகத்தான் தம்பி இவ்வளவும்.”

“அதுமேல ஆட முடியாது சார்.”

“ஆடறது போயிடும் தம்பி. இன்னிக்கு ஆடுவாங்க, நாளைக்கு முட்டி வலிக்கும், விட்டுடுவாங்க. உங்க படம் நிக்கும். நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ கலையைக் காப்பாத்தியிருக்கேன். அனுபவத்துல சொல்றேன், கலைக்குப் பெரிய தொந்தரவே அதைச் செய்யறவங்கதான். அவங்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டா கலை நூறு வருஷம் இருக்கும்.” அவர் குரல் தழுதழுத்தது. “அந்தத் தரை பத்திரமா இருக்கு. என்னைவிட, உங்களைவிடப் பத்திரமா இருக்கு. வருங்காலத் தலைமுறை தோண்டிப் பாத்துக்கட்டும்.”

புகைப்படக்காரனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. போனான். சொல்லவில்லை. விழா நாள்வரை ஒவ்வொரு மாலையும் கடையைப் பூட்டாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

திறப்பு விழாவில் பந்தல் நிறைய நாற்காலிகள். அவற்றில் உட்காரலாம். வாரியத் தலைவி நடுநாயகமாக அமர்ந்திருந்தார். புகைப்படக்காரனை மேடை ஓரத்தில் உட்காரவைத்து, கழுத்தில் மாலை போட்டார்கள். மாலை கேமராவை மறைத்தது.

முதல் நிகழ்ச்சியாக ஹிப்-ஹாப் என்று அறிவித்தார்கள். துணை இயக்குநர் தொப்பியை நேராகப் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கி முன் வந்தார். தானே எழுதியதைத் தாளைப் பார்த்து வாசித்தார்.

“குப்பையைத் தொட்டியில் போடு, யோ!
சாலையைப் பார்த்துக் கடந்திடு, யோ!
வாரியம் காட்டும் வழியில் ஆடு, யோ!
ஆடிய பின்னே வீட்டைத் தேடு, யோ!”

பலத்த கைதட்டல். பிறகு இயக்குநர் பேசினார். இந்த நகரத்தில் ஹிப்-ஹாப் பண்பாட்டை உருவாக்கிய பெருமை வாரியத்தையே சேரும் என்றார். அதற்கு ஆதாரம் வேண்டுவோர் சுவரைப் பார்க்கலாம் என்றார். “அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கையை எங்களுக்குப் பெற்றுத் தந்தவர் இவர்” என்று புகைப்படக்காரனைக் கை காட்டினார்.

அப்போதுதான் அவன் கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்தான். வட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரவில்லை. புது ஓட்டின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். பம்பரம் குனிந்து உள்ளங்கையை ஓட்டில் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மேடையில், மாலையோடு இருந்த அண்ணனைப் பார்த்தாள்.

இரண்டு முன்கைகளையும் நீட்டினாள். திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள்.

ரேடியோ கையை நீட்டினான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும் நீட்டினான். கடைசி வரிசை முழுக்க முதலைகள். ஒரு சத்தம் இல்லை. இயக்குநர் அவனை நோக்கி நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை. ஆனால் பிள்ளைகள் யாரும் இயக்குநரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் இவன்மேல்தான்.

தலைவி ஆர்வமாக முன்னால் குனிந்தார். “அது என்ன? அழகா பண்றாங்களே!”

புகைப்படக்காரன் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தான். இத்தனை நாள் மூடியிருந்த வாய் இப்போது திறந்தது. “திருடன்னு அர்த்தம் மேடம். அடுத்தவங்களோடத எடுத்துட்டேன்னு என்னைச் சொல்றாங்க. என்னையும் உங்களையும்.”

தலைவி அவன் பக்கம் திரும்பினார். பிறகு முகமெல்லாம் மலர, ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“எவ்வளவு வெளிப்படையான பண்பாடு! மனசுல பட்டதை முகத்துக்கு நேரா சொல்றாங்க. நம்ம கூட்டங்கள்ல என்னிக்காவது இப்படி ஒருத்தராவது சொல்லியிருக்கோமா? இதைத்தான் நாம அவங்ககிட்டருந்து எடுத்துக்கணும்!”

எடுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் நீட்டிக் கூட்டத்தை நோக்கித் திறந்து மூடினார். வளையல்கள் கலகலத்தன. இயக்குநர் எழுந்து செய்தார். துணை இயக்குநர் செய்தார். இயக்குநர் பொறியாளருக்குப் போட, பொறியாளர் தலைவிக்குப் போட, தலைவி எல்லாருக்கும் போட்டார். அந்த மேடையில் அன்று நடந்தவற்றில் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான். பந்தல் முழுக்க மக்கள் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே, ஒருவருக்கொருவர் முதலை போட்டார்கள். இதுவே இனி வாரியத்தின் அதிகாரபூர்வ வணக்கம் என்று அங்கேயே அறிவிப்பு வந்தது.

கடைசி வரிசையில் பம்பரம் கைகளைக் கீழே போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள்.

“அதையும் கடிச்சுட்டானுங்க” என்றான் ரேடியோ. அதற்குமேல் அவன் எதுவும் பேசவில்லை. அவனுக்கும் ஒரு பொத்தான் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து பம்பரம் அண்ணனிடம் நேரே பேசுவதில்லை. “அம்மா, அவரைச் சாப்பிட வரச் சொல்லு” என்பாள். அவர். பிறந்ததிலிருந்து நீ, போ, வா என்று இருந்தவன், ஒரே நாளில் மரியாதைக்குரியவன் ஆகிவிட்டான்.

மாலையில் அவள் எங்கோ போய், வியர்த்து வந்தாள். எங்கே என்று வீட்டில் சொல்வதில்லை. வாசலில் அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில் அவள் காலணிகள் கவிழ்ந்து கிடக்கும். ஒருநாள் கடைக்குக் கிளம்பும்போது அடிப்பாகத்தில் வெளிர்நீலமாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். வண்ணச் செதில். அந்த நீலத்தை ஊரில் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறான். மூடிப்போன பள்ளிக்கூடத்தின் பின்னால் தண்ணீர் வற்றிக் கிடக்கும் நீச்சல்குளம். அதன் தரை வழவழவென்று இருக்கும். இப்போது நிஜமாகவே குளத்துக்குள் நீந்துகிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

சட்டைப் பையில் போன் அடித்தது. இயக்குநர்.

“தம்பி, இரண்டாம் கட்டம் ஒப்புதல் ஆயிடுச்சு. ஒரே ஒரு சிக்கல். பாலத்தடிக்கு இப்ப அந்தப் பசங்க வர்றதே இல்ல. அவ்வளவு செஞ்சு குடுத்தும், பாருங்க. இப்ப எங்க ஆடறாங்க? உங்களுக்குத் தெரியாம இருக்காதே?”

கையில் அவள் காலணி இருந்தது.

“தெரியாது சார்.”

“உங்க தங்கச்சிதானே?”

“எங்கிட்ட பேசறதில்ல சார்” என்று வைத்துவிட்டான். வாரியத்திடம் அவன் சொன்ன முதல் பொய்யில் பாதி உண்மையாக இருந்தது.

ஈரத்துணி எடுத்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். ஒரு செதில் விடாமல், வரி வரியாக இரண்டு அடிப்பாகத்தையும் துடைத்தான். யார் வந்து பார்த்தாலும் எதுவும் தெரியக் கூடாது. கடைசி நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது.

பம்பரம் நின்றிருந்தாள். துணியைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள், அவன் விரல் நுனியில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்தாள்.

“பாத்துட்டீங்களா?”

“பாத்தேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்டி. துடைச்சுட்டேன் பாரு. இதுக்கு நான்…”

பொறுப்பு என்ற சொல் வாய்வரை வந்து நின்றது.

“பாலத்தடியிலயும் இதையேதான் சொன்னீங்க” என்றாள். ஈரக் காலணிகளை அவன் கையிலிருந்து வாங்கி, அப்படியே மாட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலை அவன் கடையிலிருந்து திரும்பியபோது உள்ளே அவள் அம்மாவோடு பேசுவது கேட்டது. வாசலில் அவனுடைய செருப்பைக் கழற்றிவிட்டான். பக்கத்தில் அவள் காலணிகள் கவிழ்ந்து கிடக்கும் இடம் காலியாக இருந்தது.